ஒரே மெஷினுக்கு ரெண்டு புக்கிங்: வெப் ஆப், த்ரெட், டேட்டாபேஸ் – புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடி, நீடாமங்கலம், நன்னிலம் பக்கம் அறுப்பு மெஷின் புக் பண்ற ஆப் ஒண்ணு எழுதுறீங்கன்னு வச்சுக்குவோம். விவசாயி ஊர் பேரு, எத்தனை மா நிலம், என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு போடுவாரு, டயர் மெஷினா செயின் மெஷினான்னு பாத்து அமுக்குவாரு, புக்கிங் ஆயிடும். உங்க லேப்டாப்ல அருமையா ஓடுது, கூட இருக்குறவர் ஒருத்தர் டெஸ்ட் பண்ணாரு, அவருக்கும் ஓடுது. தை மாசம் சம்பா கதிர் முத்தி சாஞ்சு கெடக்குற நேரம், ரெண்டு நாள்ல மழைன்னு வானிலை அறிவிப்பு வருது, வயல் ஈரமானா டயர் மெஷின் எறங்காது செயின் மெஷின்தான் வேணும், அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்த தாலுக்காவும் ஒரே சமயத்துல போனை எடுக்குது. மறுநாள் காலையில ஒரே மெஷினுக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு பேர் வரப்புல நிக்கிறாங்க, ரெண்டு பேர் போன்லயும் 'புக்கிங் உறுதி'ன்னு மெசேஜ் இருக்கு.

புரோகிராம் கோடை எடுத்துப் பாத்தா தப்பு ஒண்ணும் தெரியாது. மெஷின் ஃப்ரீயான்னு பாக்குறோம், ஃப்ரீன்னா புக்கிங் போடுறோம், வரிசை சரியாத்தான் இருக்கு. ஒரு ஆள் வர்ற வரைக்கும் சரி. ரெண்டு ஆள் ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகுங்கறதுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

மொதல்ல எங்க இடிக்குதுன்னு பிரிங்க

சர்வர்ல ஒரே நேரத்துல பக்கம் பக்கமா ஓடுற வேலை ஒவ்வொண்ணும் ஒரு த்ரெட். த்ரெட் பிரச்சனைன்னு ஒரே பேர்ல எல்லாரும் சொல்றாங்க, ஆனா உள்ள ரெண்டு வேற வேற சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு உங்க சர்வரோட மெமரிக்குள்ள நடக்குறது, ஒரே ஆப்ஜெக்டை ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல தொடுது. இன்னொண்ணு டேட்டாபேஸ்ல நடக்குறது, த்ரெட் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு ஆனா ரெண்டு ட்ரான்சாக்ஷன் (ஒண்ணா சேந்து கமிட் ஆகுற, இல்ல ஒண்ணா ரத்தாகுற வேலைத் தொகுப்பு) ஒரே ரோவை, இல்ல ஒரே காலி இடத்தை, ஒரே நேரத்துல நம்பிடுது. மொத வகைக்குப் பண்ற வைத்தியம் ரெண்டாவதுக்கு வேலை செய்யாது. புதுசா வர்றவங்க பாதி நேரத்தை இங்கதான் தொலைக்கிறாங்க, டேட்டாபேஸ்ல இடிக்குறதுக்கு ஜாவால சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் உள்ள போகலாம்ங்கற பூட்டு) போட்டுட்டு ஏன் இன்னும் சரியாகலன்னு உக்காந்திருப்பாங்க.

எப்படிப் பிரிக்கிறது? மெமரி வகைன்னா பொதுவா கூச்சல் போடும். 'செஷன் ஈஸ் க்ளோஸ்டு'ன்னு வரும், கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வரும், டாட்நெட்ல என்டிட்டி ஃபிரேம்வொர்க்னா மொதல் ஆபரேஷன் முடியறதுக்குள்ள இதே கான்டெக்ஸ்ட்ல ரெண்டாவது ஆபரேஷன் ஆரம்பிச்சுட்டீங்கன்னு திட்டும், பைத்தான்ல எஸ்க்யூஎல்லைட் கனெக்ஷனை வேற த்ரெட்ல எடுத்தா இது பொறந்த த்ரெட்லதான் இதைத் தொடணும்னு நிறுத்திடும். கூச்சலே போடாத மோசமான ரகம் ஒண்ணும் உண்டு: வலங்கைமான்காரரோட புக்கிங்ல குடவாசல்காரர் பேரு வர்றது. அந்த மாதிரி ஒருத்தர் டேட்டா இன்னொருத்தர் ஸ்கிரீன்ல தெரிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு மெமரி பக்கம் போங்க, எங்கயோ ஒரு ஃபீல்டை எல்லாரும் பகிர்ந்துக்குறாங்க.

டேட்டாபேஸ் வகை சத்தமே போடாது. லாக் ஃபைல்ல எர்ரர் இல்ல, எல்லா ரிக்வெஸ்ட்டும் 200 ஓகே, ஆனா கணக்கு உதைக்கும். ரெட்டை புக்கிங், மீதி மணி நேரம் மைனஸ்ல போறது, ஒருத்தர் மாத்துன தேதி தானா பழைய தேதிக்குத் திரும்பிடறது, இதெல்லாம் அந்த வகை. எர்ரர் வந்தா அது டெட்லாக்காவோ (ஒருத்தருக்காக ஒருத்தர் நின்னு மாட்டிக்கிறது) லாக் வெய்ட் டைம்அவுட்டாவோ (பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடியறது) இருக்கும், உண்மையில அது நல்ல சகுனம், டேட்டாபேஸ் உங்களைக் காப்பாத்தப் பாக்குதுன்னு அர்த்தம்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, த்ரெட் பிரச்சனை மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரும், கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸ் கனெக்ஷனைத் திறந்து வச்சு மாத்தி மாத்திக் கொடுக்குற தொகுப்பு) காலியாறது. அதைக் கடைசி பக்கம் பாப்போம்.

லாக் ஃபைல்ல த்ரெட் பேர் வரணும்

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. லாக் பேட்டர்ன்ல மில்லிசெகண்ட், த்ரெட் பேரு, ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ஐடி, இந்த மூணும் வரணும். லாக்பேக்னா பேட்டர்ன்ல த்ரெட்னு ஒரு வார்த்தை சேத்தா போதும், ரிக்வெஸ்ட் ஐடிக்கு எம்டிசி (த்ரெட்டுக்குத் தனியா ஒரு குறிப்பு வச்சு லாக் வரியில சேக்குற வசதி) இருக்கு. அப்புறம் ட்ரான்சாக்ஷன் எப்ப ஆரம்பிச்சுது, எப்ப கமிட் ஆச்சுங்கறதையும் டீபக் லெவல்ல திறந்துவிடுங்க. அப்ப நம்ம மெஷின் கதை இப்படித் தெரியும் (எக்ஸெக்-3, எக்ஸெக்-7 ரெண்டும் த்ரெட் பேரு):

6:02:11.407 எக்ஸெக்-3 மெஷின் 4, காலை 8 மணி ஃப்ரீயா? ஃப்ரீ
6:02:11.409 எக்ஸெக்-7 மெஷின் 4, காலை 8 மணி ஃப்ரீயா? ஃப்ரீ
6:02:11.431 எக்ஸெக்-3 புக்கிங் 812 சேவ், கமிட்
6:02:11.436 எக்ஸெக்-7 புக்கிங் 813 சேவ், கமிட்

ரெண்டாவது வரியைப் பாருங்க. எக்ஸெக்-7 கேட்ட நேரத்துல புக்கிங் 812 இன்னும் பொறக்கவே இல்ல, அதனால 'ஃப்ரீ'ங்கற பதில் பொய் இல்ல, அந்த நொடிக்கு அது உண்மை. பாக்குறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல இருபது சொச்சம் மில்லிசெகண்டு, அதுக்குள்ள ஒருத்தர் பூந்துட்டாரு, அவ்ளோதான் விஷயம். இதைத்தான் ரேஸ் கண்டிஷன்னு சொல்றாங்க. உங்க லேப்டாப்ல ஒரு விரலால அமுக்குனா ஆயிரம் வருஷம் ஆனாலும் வராது.

வேணும்னே வரவைங்க

வராத பிழையை சரிபண்ண முடியாது, சரியாச்சான்னும் சொல்ல முடியாது. அதனால அடுத்த வேலை அதைக் கையில பிடிச்சுக் கொண்டாறது.

எனக்கு ரொம்ப பிடிச்ச வழி ரொம்ப சாதாரணமானது, பக்கத்துல பக்கத்துல ரெண்டு டெர்மினல் திறந்து ரெண்டுலயும் டேட்டாபேஸ் க்ளையன்ட் ஓடவிட்டு ரெண்டுலயும் பிகின் போடுங்க, இடது பக்கம் செலக்ட், வலது பக்கம் செலக்ட், இடது பக்கம் இன்சர்ட், வலது பக்கம் இன்சர்ட், ரெண்டுலயும் கமிட், அப்புறம் டேபிளைப் பாருங்க. ஒவ்வொரு வரிக்கும் எது காத்திருக்கு எது காத்திருக்கலன்னு கண்ணால தெரியும். ஐசொலேஷன் லெவல் (ஒரு ட்ரான்சாக்ஷன் பண்றது இன்னொண்ணுக்கு எவ்ளோ தெரியலாம்ங்கற அளவு) பத்தி நூறு பக்கம் படிக்கிறதைவிட இது மண்டையில ஏறும்.

அதுக்கப்புறம் கோட்லேருந்து. ஜாவான்னா எக்ஸிகியூட்டர்ல ஒரு இருபது த்ரெட், எல்லாத்தையும் கவுன்ட்டவுன் லாட்ச்ல நிறுத்தி வச்சு ஒரே நேரத்துல அவுத்துவிடுங்க, முடிஞ்சதும் அந்த மெஷினுக்கு அந்த மணிக்கு எத்தனை ரோ இருக்குன்னு எண்ணுங்க, ஒண்ணுக்கு மேல இருந்தா பிடிச்சாச்சு. இன்னும் வரலன்னா பாக்குறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல ஒரு ஸ்லீப் போட்டு அந்த இடைவெளியைப் பெருசாக்குங்க. வெளியிலேருந்து அடிக்கணும்னா ஜேமீட்டர், கே6 எது வேணா எடுங்க.

ஒண்ணு ஞாபகம் வைங்க, இந்த டெஸ்ட்டை எச்2 மாதிரி மெமரி டேட்டாபேஸ்லயோ எஸ்க்யூஎல்லைட்லயோ ஓட்டாதீங்க. ப்ரொடக்ஷன்ல போஸ்ட்கிரெஸ்னா போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்னா மைஎஸ்க்யூஎல். லாக், அதாவது பூட்டு, போடுற விதம் ஒண்ணுக்கொண்ணு வேற. எஸ்க்யூஎல்லைட்ல ஒரு நேரத்துல ஒரே ஆள்தான் எழுத முடியும், அதனால பாதி பிரச்சனை அங்க வெளியிலயே வராது, அதுக்கு பதிலா 'டேட்டாபேஸ் ஈஸ் லாக்டு'ன்னு வேற ஒரு தொல்லை வரும். டெஸ்ட் மெத்தட் மேல ஜாவா ஸ்பிரிங்கோட ட்ரான்சாக்ஷனல் (இந்த மெத்தட் மொத்தமும் ஒரே ட்ரான்சாக்ஷன்ல ஓடணும்ங்கற குறி) போட்டும் ஓட்டாதீங்க, மத்த த்ரெட்டுக்கு அந்த ட்ரான்சாக்ஷன்ல போட்ட டேட்டா தெரியவே தெரியாது, டெஸ்ட் பாஸான மாதிரி ஏமாத்தும்.

மெமரி பக்கம்: யார் யார் எதைப் பகிரலாம்

இதுல விதி ஒண்ணுதான். ஃபேக்டரி மாதிரி பெரிய ஆப்ஜெக்டைப் பகிரலாம், அது உண்டாக்கித் தர்ற சின்ன வேலை ஆப்ஜெக்டைப் பகிரக்கூடாது. ஹைபர்னேட்ல செஷன் ஃபேக்டரி த்ரெட் சேஃப் (பல த்ரெட் ஒரே நேரத்துல தொட்டாலும் கெடாது), செஷன் இல்ல. ஜேபிஏல என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரி சேஃப், என்டிட்டி மேனேஜர் இல்ல. எஸ்க்யூஎல்அல்கமில எஞ்சின் சேஃப், செஷன் இல்ல. டாட்நெட்ல டிபிகான்டெக்ஸ்ட் சேஃப் இல்ல, அதை சிங்கிள்டன்ல (ஆப் முழுக்க ஒரே ஆப்ஜெக்ட்) ரெஜிஸ்டர் பண்ணிட்டு அவதிப்படாதீங்க, ஸ்கோப்டுதான் (ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு) சரி. ஜேடிபிசி கனெக்ஷனை ஸ்டாட்டிக் வேரியபிள்ல வச்சு எல்லாரும் எடுக்குற பழைய கோட் இன்னும் ஊர் பூரா ஓடிக்கிட்டு இருக்கு, ஒருத்தர் கமிட் பண்ணா அடுத்தவர் பாதியில வச்சிருந்ததும் சேந்து கமிட் ஆகும். அதைப் பாத்தா மொதல்ல தூக்குங்க, பூல் போடுங்க.

ஸ்பிரிங்ல ஒரு குழப்பம் வரும். சர்வீஸ் கிளாஸ் சிங்கிள்டன், அதுல என்டிட்டி மேனேஜரை ஃபீல்டா இன்ஜெக்ட் பண்றோமே அது தப்பில்லையான்னு கேப்பாங்க. தப்பில்ல, பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்ட் அனோட்டேஷன்ல வர்றது நிஜ என்டிட்டி மேனேஜர் இல்ல, ஒரு ப்ராக்ஸி (நடுவுல நிக்கிற பதிலாள்), ஒவ்வொரு தடவையும் இந்த த்ரெட்டோட ட்ரான்சாக்ஷனுக்கு எதுவோ அதைத் தேடிக் கொடுக்கும். ஆனா அதே சிங்கிள்டன்ல நீங்களா 'தற்போதைய விவசாயி'ன்னு ஒரு ஃபீல்டு வச்சு ஒரு மெத்தட்ல போட்டு இன்னொரு மெத்தட்ல எடுத்தீங்கன்னா அங்கதான் வலங்கைமான் குடவாசல் கலக்கும். ஃபீல்டா வைக்காதீங்க, மெத்தட்டுக்கு ஆர்கியுமென்ட்டா அனுப்புங்க. கன்ட்ரோலர், சர்வீஸ், ரெப்போசிட்டரி எல்லா கிளாஸையும் திறந்து ஃபைனல் இல்லாத ஃபீல்டு எதெது இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க, அரைமணி நேர வேலை, பெரும்பாலும் அதுலயே சிக்கிடும். சிம்பிள் டேட் ஃபார்மட்டை ஸ்டாட்டிக்கா வச்சிருக்கீங்களான்னும் பாருங்க, அது த்ரெட் சேஃப் இல்ல, தேதி தப்பா போய் டேபிள்ல உக்காந்துடும், பாக்குறவங்க டேட்டாபேஸ் மேல பழி போடுவாங்க. ஜாவா 8லேருந்து இருக்குற டேட் டைம் ஃபார்மேட்டர் சேஃப்.

அசிங்க் (வேலையை வேற த்ரெட்ல தனியா ஓடவிடறது) விஷயத்துல கவனம். ட்ரான்சாக்ஷன் த்ரெட்டோட ஒட்டிக்கிட்டு இருக்குறது, அசிங்க் மெத்தட்டோ பேரலல் ஸ்ட்ரீமோ போனா அந்தப் பக்கம் உங்க ட்ரான்சாக்ஷன் வராது. என்டிட்டியைத் தூக்கி இன்னொரு த்ரெட்டுக்குக் கொடுக்காதீங்க, ஐடியை மட்டும் கொடுங்க, அவங்க புதுசா படிச்சுக்கட்டும். அதுலயும் ஒரு சிக்கல், நீங்க கமிட் பண்றதுக்கு முன்னாடியே அந்த த்ரெட் படிக்கப் போனா ரோ இருக்காது, அதனால கமிட்டுக்கு அப்புறம்தான் அனுப்பணும், ஸ்பிரிங்ல ஆஃப்டர் கமிட் ஈவன்ட் அதுக்குத்தான் இருக்கு.

நோட் ஜேஎஸ்ல (Node.js) ஒரே த்ரெட்தானே நமக்கு இந்த வம்பே இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க. ஒவ்வொரு அவெய்ட்டும் ஒரு கதவு, அங்க நீங்க காத்திருக்கும்போது அடுத்த ரிக்வெஸ்ட் உள்ள வந்துடும், மேல காட்டுன அதே நாலு வரி லாக் நோட்லயும் அச்சு அசலா வரும். அதோட நோட்ல போஸ்ட்கிரெஸ் பூல் வச்சு பூல் மேலயே பிகின், அப்டேட், கமிட்னு மூணு க்வெரி அனுப்புறாங்க பாருங்க, அந்த மூணும் மூணு வேற கனெக்ஷனுக்குப் போகலாம், ட்ரான்சாக்ஷனே நடக்காது. பூல்லேருந்து ஒரு க்ளையன்ட்டைக் கையில வாங்கி அது மேலயே மூணையும் ஓட்டிட்டு கடைசியில திருப்பிக் கொடுக்கணும். பிஹெச்பி ஆளுங்களுக்கு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ப்ராசஸ், மெமரி பக்கம் தப்பிச்சீங்க, டேட்டாபேஸ் பக்கம் யாருக்கும் விலக்கு இல்ல.

டேட்டாபேஸ் பக்கம்: சிங்க்ரனைஸ்டு ஏன் ஆகாது

மெத்தட் மேல சிங்க்ரனைஸ்டும் ட்ரான்சாக்ஷனலும் சேத்துப் போட்டா என்ன நடக்கும்? ஸ்பிரிங் ப்ராக்ஸி மொதல்ல ட்ரான்சாக்ஷனை ஆரம்பிக்குது, அப்புறம் உங்க மெத்தட்டுக்குள்ள போய் லாக் எடுக்குது, மெத்தட் முடிஞ்சதும் லாக் அவுருது, அதுக்கு அப்புறம்தான் ப்ராக்ஸி கமிட் பண்ணுது. லாக் அவுந்ததுக்கும் கமிட்டுக்கும் நடுவுல அடுத்த த்ரெட் உள்ள வந்து மெஷின் ஃப்ரீயான்னு கேட்டா இன்னும் ஃப்ரீதான். அதாவது பிழை போகல, அபூர்வமா ஆயிடுச்சு, அது இன்னும் மோசம். சரி லாக்கை ட்ரான்சாக்ஷனுக்கு வெளியில வச்சுட்டோம்னு வைங்க, நாளைக்கு லோடு அதிகமாகி ரெண்டாவது சர்வர் போட்டா அந்த லாக் இந்த சர்வருக்குத் தெரியாது. இன்னொண்ணு, ஒரே கிளாஸுக்குள்ள ஒரு மெத்தட்லேருந்து இன்னொரு மெத்தட்டைக் கூப்பிட்டா ப்ராக்ஸி வழியா போகாது, ரெண்டாவது மெத்தட் மேல இருக்குற ட்ரான்சாக்ஷனலுக்கு மதிப்பே இல்ல, இதையும் லாக் ஃபைல்ல பாத்து உறுதி பண்ணிக்கங்க.

இப்ப நிஜ வைத்தியம். என்ன மாதிரி இடிக்குதுங்கறதைப் பொறுத்து மருந்து மாறும்.

*எண்ணைக் கூட்டறது கழிக்கறது.* ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் இருக்கு, புக்கிங் ஆக ஆக குறையணும். படிச்சு, ஜாவால கழிச்சு, திருப்பி எழுதாதீங்க. டேட்டாபேஸ்கிட்டயே சொல்லுங்க: மீதி மணி நேரம் ரெண்டுக்குக் குறையாம இருந்தா ரெண்டைக் கழி. ஒரே அப்டேட், கண்டிஷன் வேர் (WHERE) பகுதியில. எத்தனை ரோ மாறுச்சுன்னு பாருங்க, 1ன்னா கிடைச்சுது, 0ன்னா நேரம் இல்ல. ஜாங்கோல இதுக்கு எஃப் எக்ஸ்பிரஷன். இவ்ளோ எளிமையா இருக்குறதால யாரும் மதிக்கிறதில்ல, ஆனா பாதி கேஸுக்கு இதுவே போதும்.

*இருக்குற ரோவை ரெண்டு பேர் திருத்தறது.* ஆபீஸ்ல இருக்குறவர் ரேட் மாத்துறாரு, அதே நேரம் மெஷின் ஓனர் தேதி மாத்துறாரு, கடைசியா சேவ் பண்ணவர் மொத்தத்தையும் மேல எழுதிடுறாரு. இங்க டேபிள்ல வெர்ஷன் நம்பருக்கு ஒரு காலம் (column) போடுங்க, ஜேபிஏல வெர்ஷன் அனோட்டேஷன் ஒண்ணு போதும், ஒவ்வொரு அப்டேட்டும் நான் படிச்ச வெர்ஷன் இன்னும் அதேதானான்னு கேட்டுட்டு எழுதும், மாறியிருந்தா ஆப்டிமிஸ்டிக் லாக் எக்ஸெப்ஷன். அந்த எக்ஸெப்ஷனைப் பிடிச்சு முழுங்கிடாதீங்க, 'நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போது இது மாறிடுச்சு, திரும்பப் பாருங்க'ன்னு ஆளுகிட்ட சொல்லுங்க. வெர்ஷன் நம்பரை ஸ்கிரீன் வரைக்கும் அனுப்பி திரும்ப வாங்கணும், இல்லன்னா சேவ் பண்ற நேரத்துல புதுசா படிச்ச வெர்ஷனோட ஒப்பிட்டு எப்பவும் சரின்னே சொல்லும். ஜேபிக்யூஎல்ல மொத்தமா அப்டேட் எழுதுனா வெர்ஷன் தானா ஏறாது, அதையும் மனசுல வைங்க.

*இல்லாத ரோவுக்குப் போட்டி.* நம்ம ரெட்டை புக்கிங் இதுதான், இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. புக்கிங் டேபிள்ல செலக்ட் ஃபார் அப்டேட் (படிக்கும்போதே ரோவைப் பூட்டி வைக்கிறது) போட்டுப் பாத்தேன் அப்பவும் ரெண்டு புக்கிங் வருதுன்னு சொல்லுவாங்க. ரோவே இல்லாதப்ப எதை லாக் பண்ணும்? போஸ்ட்கிரெஸ்ல ஒண்ணுமே லாக் ஆகாது. மைஎஸ்க்யூஎல் இன்னோடிபில டீஃபால்ட் ஐசொலேஷன் லெவல் ரிப்பீட்டபிள் ரீட், அங்க கேப் லாக் (ரோவுக்கு நடுவுல இருக்குற காலி இடத்துக்குப் போடுற பூட்டு) விழும், ஆனா ஒரே கேப் லாக்கை ரெண்டு ட்ரான்சாக்ஷனும் வச்சுக்கலாம், ரெண்டும் இன்சர்ட் பண்ணப் போகும்போது ஒண்ணுக்காக ஒண்ணு நின்னு டெட்லாக், 1213 எர்ரர். வெர்ஷன் நம்பரும் இங்க உதவாது, ரெண்டும் புது ரோ.

வழி ரெண்டு. ஒண்ணு, கண்டிப்பா இருக்குற ஒரு ரோவை லாக் பண்ணுங்க, அதாவது மெஷின் டேபிள்ல 4ம் நம்பர் மெஷினோட ரோ. ட்ரான்சாக்ஷன் ஆரம்பிச்ச உடனே அதுக்கு செலக்ட் ஃபார் அப்டேட், அப்புறம் ஃப்ரீயான்னு பாருங்க, அப்புறம் இன்சர்ட், கமிட். 4ம் நம்பர் மெஷினைக் கேக்குறவங்க மட்டும் வரிசையில நிப்பாங்க, 5ம் நம்பர் ஆளுங்க தாராளமா போய்க்கிட்டு இருப்பாங்க. ஒண்ணு கவனிங்க, லாக்கை மொதல்ல எடுக்கணும், ஃப்ரீயான்னு பாத்துட்டு அப்புறம் லாக் எடுத்தா மைஎஸ்க்யூஎல்ல ட்ரான்சாக்ஷன்ல மொதல்ல படிச்சப்ப இருந்த நிலைமையையே சாதா செலக்ட் திரும்பக் காட்டும். ஜாங்கோல செலக்ட் ஃபார் அப்டேட் அட்டாமிக் பிளாக்குக்குள்ளதான் ஓடும், வெளியில போட்டா எர்ரர்.

ரெண்டாவது, டேட்டாபேஸையே காவலுக்கு வைக்கிறது. இதைத்தான் நான் எல்லாருக்கும் மொதல்ல சொல்வேன், கோட்ல எந்த லாக் போட்டாலும் இது கீழ இருக்கணும். மணி மணியா ஸ்லாட் பிரிச்சிருந்தா மெஷின் நம்பர், தேதி, ஸ்லாட் மூணுக்கும் சேத்து யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (அதே சேர்க்கை ரெண்டாவது தடவை வரக்கூடாதுங்கற விதி). ரெண்டாவது ஆள் இன்சர்ட் பண்ணும்போது போஸ்ட்கிரெஸ்ல 23505 எர்ரர் வரும், அதைப் பிடிச்சு 'இந்த நேரம் போயிடுச்சு, வேற நேரம் பாருங்க'ன்னு சொல்லிடுங்க. ஆனா நெசத்துல அறுப்பு மணிக் கணக்கா நிக்காது, ஒரு வேலி வச்சிருக்குறவருக்கு ஒரு நேரம், மூணு மா வச்சிருக்குறவருக்கு வேற நேரம், அதுவும் கதிர் சாஞ்சிருந்தா இன்னும் இழுக்கும். ஒருத்தருக்கு 8லேருந்து பதினொண்ணரை, இன்னொருத்தருக்கு பத்துலேருந்து ஒண்ணுன்னா யூனிக் பிடிக்காது, ஆரம்ப நேரம் வேற வேறயாச்சே. போஸ்ட்கிரெஸ்ல இதுக்குன்னே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருக்கு, மெஷின் சமமா இருந்து நேர ரேஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா உள்ள விடாதன்னு சொல்லலாம், பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் சேக்கணும். ரேஞ்சுல ஆரம்ப நேரம் சேத்தி, முடிவு நேரம் சேத்தியில்லன்னு வச்சா பதினொண்ணரைக்கு முடியறதும் பதினொண்ணரைக்கு ஆரம்பிக்கிறதும் இடிக்காது. கேன்சல் ஆன புக்கிங்கை வேர் போட்டு விலக்கிக்கங்க, மறந்தீங்கன்னா கேன்சல் பண்ண நேரத்தை யாருமே எடுக்க முடியாது. மைஎஸ்க்யூஎல்ல இந்த வசதி இல்ல, அங்க அரைமணிக்கு ஒரு ரோன்னு ஸ்லாட் டேபிள் வச்சு யூனிக் போட்டுக்கங்க, மூணரை மணி நேரம்னா ஏழு ரோ.

ஐசொலேஷனை சீரியலைசபிள்னு (ட்ரான்சாக்ஷன் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு ஓடுன மாதிரி நடத்துற கண்டிப்பான லெவல்) மாத்திட்டா எல்லாம் தீருமேன்னு கேக்கலாம். போஸ்ட்கிரெஸ் டீஃபால்ட் ரீட் கமிட்டட், அதை சீரியலைசபிள் ஆக்குனா இந்த ரெட்டை புக்கிங்கை அது பிடிக்கும், ஆனா ஒருத்தரை 40001னு எர்ரர் கொடுத்து வெளிய தள்ளும், நீங்க மொத்த ட்ரான்சாக்ஷனையும் ஆரம்பத்துலேருந்து திரும்ப ஓட்டணும். திரும்ப ஓட்டற கோட் இல்லாம சீரியலைசபிள் போடாதீங்க.

டெட்லாக் வந்தா

ஒருத்தர் மெஷின் 4 லாக் பண்ணிட்டு 9க்குப் போறாரு, இன்னொருத்தர் 9 லாக் பண்ணிட்டு 4க்கு வர்றாரு, ஒத்தையடி வரப்புல ஆளுக்கொரு கட்டு தலையில வச்சுக்கிட்டு எதிரெதிரா வந்த கதைதான், யாராவது ஒருத்தர் திரும்பியே ஆகணும். டேட்டாபேஸ் ஒருத்தரைத் திருப்பி அனுப்பும். மைஎஸ்க்யூஎல்ல ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் போட்டா கடைசியா நடந்த டெட்லாக்ல எந்த ரெண்டு க்வெரி மோதுச்சுன்னு வரும், போஸ்ட்கிரெஸ்ல சர்வர் லாக் ஃபைல்லயே எழுதியிருக்கும். தீர்வு வரிசைதான்: ரெண்டு மெஷினைத் தொடணும்னா எப்பவும் சின்ன நம்பர்லேருந்து பெரிய நம்பருக்குப் போங்க, எல்லா கோட்லயும். அதுக்கு மேலயும் எப்பவாவது வரும், மூணு தடவை வரைக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு திரும்ப முயற்சி பண்ற மாதிரி எழுதிடுங்க. அந்த ரீட்ரை ட்ரான்சாக்ஷனுக்கு வெளியில இருக்கணும், உள்ள இருந்தா ஏற்கெனவே செத்த ட்ரான்சாக்ஷன்ல திரும்பத் திரும்ப முட்டும்.

மைஎஸ்க்யூஎல்ல 1205 வந்தா அது டெட்லாக் இல்ல, லாக்குக்காக காத்திருந்து நேரம் முடிஞ்சிருக்கு, இன்னோடிபில டீஃபால்ட் 50 செகண்டு. யாரோ லாக்கை வச்சுக்கிட்டு விடலன்னு அர்த்தம். போஸ்ட்கிரெஸ்ல பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்து 'ஐடில் இன் ட்ரான்சாக்ஷன்'னு எது உக்காந்திருக்குன்னு பாருங்க, பிஜி பிளாக்கிங் பிட்ஸ் ஃபங்ஷன் யார் யாரை மறிக்கிறாங்கன்னு நேராவே சொல்லிடும்.

பூல் காலியாறது

ஸ்பிரிங் பூட்ல டாம்கேட் டீஃபால்ட்டா 200 த்ரெட் வரைக்கும் போகும், ஹிக்காரி பூல்ல டீஃபால்ட் 10 கனெக்ஷன். மிச்சம் 190 பேர் நிக்கணும், 30 செகண்டு நின்னும் கிடைக்கலன்னா 'கனெக்ஷன் ஈஸ் நாட் அவைலபிள்'னு எர்ரர். பாத்த உடனே பூலை 100 ஆக்கிடாதீங்க, போஸ்ட்கிரெஸ்ல மொத்தமே டீஃபால்ட்டா 100 கனெக்ஷன்தான். ஏன் திரும்பி வரலன்னு பாருங்க. பெரும்பாலும் காரணம் ட்ரான்சாக்ஷனுக்குள்ள எஸ்எம்எஸ் அனுப்புறது, பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடறது, அந்த சர்வர் அஞ்சு செகண்டு யோசிச்சா அந்த அஞ்சு செகண்டும் உங்க கனெக்ஷனும் மெஷின் ரோ லாக்கும் சும்மா மாட்டிக்கிட்டு கெடக்கும். மெசேஜை கமிட்டுக்கு அப்புறம் அனுப்புங்க. ரிக்வயர்ஸ் நியூ (எனக்குத் தனியா புது ட்ரான்சாக்ஷன் வேணும்ங்கறது) போட்ட மெத்தட் இருந்தா அது மொத கனெக்ஷனை விடாம ரெண்டாவது கேக்கும், பத்து பேரும் ஒண்ணு வச்சுக்கிட்டு இன்னொண்ணுக்கு நின்னா யாருக்கும் கிடைக்காது. ஹிக்காரில லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்டை ஒரு பத்து செகண்டுன்னு வச்சா கனெக்ஷனை வாங்கிட்டு விடாம வச்சிருக்குற இடத்தோட ஸ்டாக் ட்ரேஸை லாக் ஃபைல்ல போட்டுடும். மொத்தமா நின்னுபோச்சுன்னா ஜேஸ்டாக் (எந்த த்ரெட் எங்க நிக்குதுன்னு காட்டுற ஜாவா கருவி) எடுங்க, அஞ்சு பத்து செகண்டு விட்டு ரெண்டு மூணு தடவை, எல்லா த்ரெட்டும் கெட் கனெக்ஷன்ல நின்னா பூல் விஷயம்தான்.

ரெண்டு தடவை அமுக்குறவங்க

கிராமத்துல டவர் ஒரு கோடுதான் காட்டும், பட்டனை அமுக்குனா சுத்திக்கிட்டே இருக்கும், ஆளு திரும்ப அமுக்குவாரு. இது ரெண்டு பேர் போட்டி இல்ல, ஒரே ஆள் ரெண்டு ரிக்வெஸ்ட். பட்டனை டிசேபிள் பண்றது கண்துடைப்பு, நெட்வொர்க் லேயரே சில சமயம் திரும்ப அனுப்பும். ஸ்கிரீன் திறக்கும்போதே ஒரு ரேண்டம் கீ உண்டாக்கி ரிக்வெஸ்ட்டோட அனுப்புங்க, புக்கிங் டேபிள்ல அந்த கீக்கு யூனிக். ரெண்டாவது தடவை அதே கீ வந்தா எர்ரர் காட்டாம மொத புக்கிங்கையே திருப்பிக் கொடுங்க, அவருக்கு வேண்டியது அதுதானே.

பழைய ரெட்டை புக்கிங் இருக்குற டேபிள்ல கன்ஸ்ட்ரெய்ன்ட் போடறது

இதை யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாத்துற ஸ்கிரிப்ட்) ஓட்டும்போதுதான் தெரியும். டேபிள்ல ஏற்கெனவே ரெட்டை ரோ இருந்தா கன்ஸ்ட்ரெய்ன்ட் ஏறாது, எர்ரர் அடிச்சு நின்னுடும். போஸ்ட்கிரெஸ்ல டேபிளை மறிக்காம இருக்க கன்கரன்ட்லின்னு போட்டு யூனிக் இண்டெக்ஸ் கட்டுனா, பாதியில தோத்தா செல்லாத இண்டெக்ஸ் ஒண்ணு அப்படியே தங்கிடும், அதை ட்ராப் பண்ணிட்டுத்தான் திரும்பக் கட்டணும். அதனால மொதல்ல மெஷின், தேதி, நேரம் வச்சு குரூப் பண்ணி ஒண்ணுக்கு மேல இருக்குறதை எடுங்க, ரேஞ்சுன்னா டேபிளை அதோடயே ஜாயின் பண்ணி மேல மேல ஏறுறதைத் தேடுங்க. நடந்து முடிஞ்ச புக்கிங்னா கேன்சல் ஸ்டேட்டஸ் போட்டு ஒதுக்கிடலாம். வரப்போற தேதியில இருக்குற ரெட்டையை ஸ்கிரிப்ட் எழுதி அழிக்காதீங்க, மொத நம்பர்காரர்தான் நியாயம்னு கோட் முடிவு பண்ணக்கூடாது, ஒருத்தர் வயல் பள்ளத்துல இருக்கும், தண்ணி தேங்கிடும், மெஷின் ஓனருக்குத்தான் அது தெரியும். லிஸ்ட்டை அவர் கையில கொடுத்து ரெண்டு பேருக்கும் போன் போடச் சொல்லுங்க, அவர் சொன்னதை டேபிள்ல மாத்துங்க, ரெட்டை க்வெரி காலியா வருதான்னு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டு கன்ஸ்ட்ரெய்ன்ட்டை ஏத்துங்க. முடிஞ்சா சம்பா அறுப்பு ஓஞ்சு குறுவைக்குத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி, சித்திரை வைகாசில, இந்த வேலையை வச்சுக்கங்க.